ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறாத பாக்டீரியா

இந்த வாரம் கடைசி வரியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று இங்கே பார்மசிகளில் நாம் வாங்கும் இன்சுலின் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்ததல்ல. பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் நமக்காகச் செய்து தருவது. யாருக்காவது பஸ் வந்துவிட்டதா? இந்தப் பாராவோடு கிளம்பிவிடுங்கள். பாதகமில்லை.

சஸ்பென்ஸ் இல்லாமல் ஒரு பத்தி எழுதாத ஆளாயிற்றே, என்ன ஆச்சு இவனுக்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் போன் செய்தார். "உங்க பேச்சைக் கேட்ட ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்கார். உங்களைப் பாக்கணுமாம்."

ரசிகர்! சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, ஒரு பை ஆரஞ்சுடன் போனேன்.

கட்டிலில் இருந்தவர் பெயர் செல்வராசு. சிவகங்கைப் பக்கம். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

"சுகர் சார். ஊசி போட்டுக்கிட்டுதான் இருந்தேன். உங்க பேச்சைக் கேட்டப்புறம் நிப்பாட்டிட்டேன்."

என் பேச்சா?

போன வருஷம் முவைலாவில் சங்க விழா. என் தலைப்பு, மரபணுப் பொறியியலின் முன்னோடிகள். இதைக் கேட்க யார் வருவார்கள்? நாற்காலியை நிரப்ப, டீயும் சமோசாவும் உண்டு என்று சொல்லி, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை அழைத்து வந்தோம்.

நான் வழக்கம்போல அதிர்ச்சியில் ஆரம்பித்தேன். ஒரு காலத்தில் இன்சுலின் எங்கிருந்து வந்தது தெரியுமா? வெட்டிய பன்றி, மாடுகளின் கணையத்தைக் குவித்து, அரைத்து, வடித்து... அரங்கமே முகம் சுளித்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனிமேல்தானே கதையே!

மணி ஐந்தரை. வெளியே ஹாரன். கேம்ப் மெஸ் மூடுவதற்குள் அவர்கள் போயாக வேண்டும். பின்வரிசைகள் மொத்தமாக எழுந்தன. "அவங்க கிளம்பட்டும், நாம தொடர்வோம்" என்று மைக்கில் நானேதான் சொன்னேன்.

மிச்சக் கதையைக் கேட்டவர்கள் எல்லாம் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள். டி.என்.ஏ.வை வெட்டும் வித்தை தெரிந்த ஒருவரும், பாக்டீரியாவுக்குள் அதை நுழைக்கத் தெரிந்த இன்னொருவரும் ஒரு கருத்தரங்கில் சந்தித்துக் கைகோத்தார்கள். தவளையின் ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்துக் காட்டினார்கள். ஏதாவது விபரீதம் ஆகிவிடுமோ என்று விஞ்ஞானிகளே பயந்து, சில சோதனைகளை நிறுத்தி வைத்து, ஒரு கடலோர ஊரில் கூடி விதிகள் வகுத்தார்கள். அப்புறம்தான் பாக்டீரியாவை மனித இன்சுலின் செய்ய வைத்தார்கள். பிரமாதமாகப் பேசினேன். நல்ல கைதட்டல்.

செல்வராசு கேட்டது கணையம் வரைக்கும்தான்.

"பாப்பாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து கெடந்தப்ப, பொழைச்சு எந்திரிச்சிட்டா சாகுற வரைக்கும் கறி தொடமாட்டேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன் சார். பொழைச்சிருச்சு. இப்ப ப்ளஸ் டூ படிக்குது. தெனமும் ஊசியில மாட்டை ஏத்திக்கிட்டு இருந்திருக்கேனே, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டேன்."

"டாக்டரைக் கேட்டிருக்கலாமே?"

"ரெண்டு நிமிசம் பாப்பாரு சார். இன்சுலின் போடுறியான்னு இந்தில கேப்பாரு. 'அச்சா'ன்னு தலையாட்டிட்டு வந்துருவேன்."

ரூம் ஃபிரிட்ஜில் இருந்த மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டு, வெந்தயமும் பழைய மாத்திரையுமாக மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். சேஃப்டி ஷூ கடித்து விரலில் புண். சுகரில் கால் மரத்துப்போயிருந்ததால் வலிக்கவில்லை. அந்த வலி இல்லாததுதான் அவரைக் கவிழ்த்தது. இனி டியூட்டி கிடையாது. விசா கேன்சல். அடுத்த வாரம் ஊருக்கு.

மீதிக் கதையைச் சொன்னேன். கட்டிலோரம் உட்கார்ந்து, மைக் இல்லாமல்.

"பாக்டீரியான்னா... கறி இல்லேல்ல சார்?"

"இல்லவே இல்ல. பாலைத் தயிராக்குதே, அந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு."

"அப்ப வேண்டுதல் கெடலையா?"

"கெடலைங்க."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. போனை எடுத்து, யூனிஃபார்மில் நிற்கும் மகளின் படத்தைக் காட்டினார். எனக்கு அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியைத் தொடுவதற்கு முன்னால், அந்த முன்னோடிகள் நின்று யோசித்தார்கள். மைக்கைத் தொடுவதற்கு முன்னால் நான் என்றைக்காவது யோசித்திருக்கிறேனா?

கிளம்பும்போது செல்வராசு என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இதைச் சொல்ல ரெண்டு நிமிசந்தான சார் ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பஸ்ஸு நின்னிருக்கும்."