குத்பா நேரத்து நீராவி

நாலாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் நான். கல்முனையில் மூன்று கடை போட்டிருக்கிறேன். பித்தளையில் சின்ன நீராவி எஞ்சின் ஒன்றையும் நானே செய்து, அதைச் சுற்றிச் சம்மாந்துறை நெல் மில்லையும் பக்கத்துப் பள்ளிவாசலையும் சின்ன மாதிரிகளாக அப்படியே அமைத்தேன். படித்த எஞ்சினியர்மாரே வந்து பார்த்து வாயடைத்துப் போகிறார்கள். நேற்று முதல் தடவை நெருப்பு வைத்தேன். வால்வு உஸ்ஸென்றது. சூடான எண்ணெயும் நீராவியும் மணத்தன.

அதே மணம். அந்த மில்லில் பொயிலருக்கு உமி போட்டவர் என் வாப்பா. நீராவி மிஞ்சினால் வால்வு தானே திறந்து ஊளையிடும். பக்கத்தில் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்துக்கு இடைஞ்சல் என்று, வால்வுக் கம்பியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டுச் சத்தத்தை அடக்குவார்கள்.

"நெருப்பை இழுத்துப் போட்டுட்டுக் கல்லைக் கட்டுவமே, முதலாளி" என்றார் வாப்பா ஒரு வெள்ளிக்கிழமை.

"அவியிற நெல்லு பாழாப் போகும் காக்கா. தொழுதிட்டு வந்து கழட்டுங்க. இவ்வளவு நாளும் என்னதான் நடந்த?" என்றார் வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் முதலாளி.

அன்று குத்பா நீண்டுகொண்டே போனது. என் பக்கத்தில் இருந்த வாப்பாவின் காது பள்ளிக்குள் இல்லை. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

"நீ எழும்பாத மனே. கல்லைக் கழட்டிட்டு வாறன்" என்று குனிந்து சொல்லிவிட்டுப் போனார்.

தொழுகைக்கு வரிசை கட்டும்போது தரை அதிர்ந்தது. வாப்பாவை முழுதாக அடக்கம் செய்யக்கூட முடியவில்லை.

நேற்று அவரையும் ஒரு சின்னப் பொம்மையாகச் செய்தேன். "பொயிலருக்குப் பக்கத்தில வைங்க, அதுதான் பொருத்தம்" என்றான் என் மகன். நான் பள்ளிவாசலுக்குள் வைத்துப் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.