முகம் தெரிகிற லேப்டாப்

லேப்டாப் வாங்குவதென்றால் ஆபீஸில் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். எதற்குப் பணம் போடலாம், எது வெறும் பந்தா என்று கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். விதி ஒன்றுதான். பின்னால் மாற்றிக்கொள்ள முடிவதற்கு இப்போது செலவு செய்யாதே, மாற்றவே முடியாததற்குச் செய். ரேம், ஸ்டோரேஜ் இரண்டும் பிறகு போட்டுக்கொள்ளலாம். ஸ்க்ரீன், கீபோர்டு, கேமரா எல்லாம் வாங்கின அன்றைக்கு வாங்கினதுதான். இவ்வளவும் தெரிந்த நான் என் சொந்த லேப்டாப்பில் கோட்டை விட்டேன்.

புனேயில் வேலை கிடைத்த வாரம், நைனாவும் நானும் திருவொற்றியூரில் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனோம். அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் பெண்ணுமாக நாங்கள் இருவர்தான். நைனா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பழுக்கக் காய்ச்சின இரும்பை மிஷின் சம்மட்டியில் அடிக்கிற ஷாப்பில் முப்பது வருஷம் நின்றவர். காது மந்தம். தோளைத் தொட்டு, எதிரே வந்து நின்று பேசினால்தான் பதில் வரும். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நான் பேசும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாசம் என்று நினைத்திருந்தேன்.

கடைக்காரர் ஒரே விலையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் ரேம் பதினாறு, கேமரா சுமார். மற்றதில் ரேம் எட்டு, கேமரா பளிச். பார்த்தவுடனே பதினாறுதான் என்று முடிவு செய்துவிட்டேன். நைனா மட்டும் இரண்டிலும் கேமராவைப் போடச் சொன்னார். ஒன்றன் முன்னால் என்னை நிறுத்தி, அவர் ஸ்க்ரீனைப் பார்த்தபடி, "இன்னாவாவது பேசு" என்றார். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. ஏதோ சொல்லிவைத்தேன். அடுத்ததன் முன்னால் நிறுத்தி, மறுபடியும் பேசச் சொன்னார்.

"இத்தயே வாங்கிக்கம்மா. மொகம் நல்லா தெரியுது."

"கேமராவா சோறு போடப்போவுது? நீ சும்மா இரு நைனா."

எட்டை எடுத்தால் பிறகு ரேம் கூட்டிக்கொள்ளலாமே என்று கடைக்காரரும் சொல்லிப் பார்த்தார். புது மிஷினைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. பதினாறையே வாங்கினேன். திரும்பும்போது ரயிலில் அதை நைனாதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

புனேயிலிருந்து சாயங்காலங்களில் லேப்டாப்பில்தான் கூப்பிடுவேன். போனில் கூப்பிட்டிருக்கலாம், அதில் கேமரா நன்றாகவே இருந்தது. ஆனால் லேப்டாப் என்றால் பேசிக்கொண்டே மெயிலுக்கும் பதில் தட்டலாம். இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் தன் போனைச் சாய்த்து வைத்து, நான் வாங்கித் தந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும், சாப்ட்டேன், நல்லா கீறேன், நீ வேலயப் பாரு என்பார். வயசானால் பேச்சு குறையும் போல என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது மாதம், இரண்டு பேர் இருக்கிற மாதிரி ஒரு வீடு பிடித்தேன். அன்றைக்கு மட்டும் மெயிலை எல்லாம் மூடிவிட்டு, "நீ என்கூட வந்து இரு நைனா" என்றேன்.

என்றைக்கும் போலச் சிரித்தார். "நல்லா கீறேன். நீ வேலயப் பாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெருவையும் தோஸ்துகளையும் விட்டு வரமாட்டார், பெற்ற பெண் அவருக்கு வேண்டாம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பத்து நாள் கூப்பிடவில்லை. அவராகக் கூப்பிடும் வழக்கமும் இல்லை. பதினோராம் நாள் காலையில் பக்கத்து வீட்டு மாமாவின் பெண் போன் செய்தாள். டீ குடிக்கப் போன இடத்தில் நைனா சாய்ந்துவிட்டார். நான் வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டியில் இருந்தார்.

பால் தெளித்துவிட்டு வந்த அன்று அந்த மாமாவிடம், வா என்று கூப்பிட்டும் வராமலே போய்விட்டாரே என்று சொல்லி அழுதேன். மாமாவும் அதே ஷாப்பில் நின்றவர். நான் முடிக்கிற வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு காது சுத்தமா போயி ரொம்ப நாளாச்சும்மா. எங்களுக்கெல்லாம் உதட்டப் பாத்துதான். உன்னாண்ட பேசிட்டு வந்து சொல்வான், கொயந்த மொகம் மங்கலா கீது, இன்னா பேசுதுன்னே தெர்ல, ஆனா சிரிக்குது, நல்லாத்தான் கீதுன்னு. உனுக்குத் தெரிஞ்சா நீ வேலய வுட்டுட்டு வந்துருவேன்னு சொல்லவே கூடாதுன்னுட்டான்."

என் நைனா என்னிடம் கேட்டது அந்தக் கேமரா ஒன்றைத்தான். நான் கூப்பிட்டது தெரியாமலே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து, அதே சொற்களைச் சொல்லிப் பதிவு செய்தேன். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். முகம் கலங்கலாக இருந்தது. உதடு இருக்கிற இடத்தில் ஏதோ அசைந்தது. என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.