நூல் குடியிருந்த வீடு

என் கணவர் பதினான்கு வீடுகளுக்குச் சொந்தக்காரர். ஆனால் நாங்கள் குடியிருப்பது வாடகை வீட்டில். ஏனென்றால் அந்தப் பதினான்கில் ஒன்றுகூட என் இடுப்பு உயரத்தைத் தாண்டாது.

எல்லாம் பழைய பொம்மை வீடுகள். யாரோ எங்கோ தங்கள் குழந்தைகளுக்காகச் செய்தவை. குழந்தைகள் வளர்ந்தார்கள், வீடுகள் பரணுக்குப் போயின, பரணிலிருந்து பழைய சாமான் கடைக்குப் போயின. அங்கிருந்து எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பார்கள். இவர் கல்யாணத்தை ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். வீடுகளை நிறுத்தவில்லை.

தொழில் பல் செட் செய்வது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதைப் பார்த்து இவர் பல் வரிசையைச் செய்து கொடுப்பார். நாள் முழுக்க மெழுகும் பிளாஸ்டரும் குட்டிக் கத்திகளுமாகக் கிடந்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்து அதே மெழுகு, அதே பிளாஸ்டர், அதே கத்தியோடு மறுபடி உட்காருவார். நிஜத்தில் ஓர் அடி இருப்பது அங்கே ஓர் அங்குலம் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் முடியை வெட்டித் துடைப்பம் கட்டுவார். பேஸ்ட் மூடி விளக்குக் கூண்டாகும். தீப்பெட்டிகளை அடுக்கினால் இழுப்பறை மேசை. ஒருமுறை செயற்கை ஈறு செய்யும் பொருளில் குளியல் தொட்டி செய்தார். தொட்டி என்னவோ அழகுதான், ஆனால் அந்த இளஞ்சிவப்பைப் பார்த்தால் யாரோ வாயைத் திறந்து வைத்திருப்பது போலவே இருக்கும். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பிடிக்காது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டோடு வந்தது எதுவானாலும் வீட்டோடுதான் இருக்க வேண்டும். கிழிந்த சுவர்க் காகிதமானாலும், உடைந்த நாற்காலிக் காலானாலும், வெளியே போடக் கூடாது. இந்தச் சட்டத்தால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதில் உச்சம், சட்டம் வருவதற்கு முன்பே வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பல்.

எங்கள் கூடத்தில் தொலைக்காட்சிக்கு நேர் எதிரே ஒரு பொம்மை வீட்டின் முகப்பு தொங்கியது. முகப்பு மட்டும். நடுவில் கதவு, இரண்டு மாடிக்கும் ஜன்னல்கள், பின்பக்கத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் இலை போட்ட காகிதம். அந்தக் காகிதம் தெரியட்டும் என்று பின்பக்கத்தை வெளியே திருப்பித்தான் இவர் மாட்டியிருந்தார். வீடு இல்லை. இவர் இந்தப் பைத்தியத்தில் இறங்கிய புதிதில் முதன்முதலாக வாங்கிய சாமான் அதுதான். அதைச் சுத்தம் செய்தபோது மேல் ஜன்னல் விளிம்பின் விரிசலிலிருந்து ஒரு பால் பல் விழுந்தது. வேறு யாராவது என்றால் 'சீ' என்று தள்ளிவிட்டுக் கையைக் கழுவியிருப்பார்கள். இவர் பல்லுக்காரர் ஆயிற்றே! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "விழுந்த பால் பல்லு. அடியில குழிவா இருக்கு பாரு. அளவு அப்படியே ஒரு டீ கப்பு!" என்று குதித்தார். பல் செட்டுக்கு வைக்கும் கம்பியில் ஒரு கைப்பிடி வளைத்து ஒட்டி, பின்னால் வாங்கிய வீடுகளிலேயே சிறந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு அழகான கப்பு!" என்பார்கள். நான் வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த முகப்புக்கு ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. எத்தனை கடைகள், எத்தனை பரண்கள்! முகப்பு இல்லாத வீடு கிடைப்பதே குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் அளவு சேராது. அளவு சேர்ந்தால் காகிதம் வேறாக இருக்கும். ஒவ்வொரு முறையும் தொங்கிய முகத்தோடு வந்து முகப்பை மறுபடி ஆணியில் மாட்டுவார். அந்த நேரங்களில் மட்டும் எனக்குக் கேலி செய்ய மனம் வராது.

இப்படியிருக்க, ஒருநாள் என் சட்டையின் கையைப் பிடித்துத் தைக்க டெய்லரம்மாவிடம் போனேன். எங்கள் வழக்கமான டெய்லர் ஊரில் இல்லாததால் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த இந்தக் கடைக்கு முதல் தடவையாகப் போயிருந்தேன். அறுபதைத் தாண்டியவர், கழுத்தில் அளவு நாடா, வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. "கைய நீட்டும்மா" என்றார். நீட்டினேன். நீட்டிய கைக்கு நேராக, சுவரோரம் ஒரு நூல் அலமாரி. அறை அறையாக, ஓர் அறையில் சிவப்பு நூல்கண்டுகள், ஓர் அறையில் நீலம், மேலே சரிந்த கூரைக்கடியில் கறுப்பும் வெள்ளையும்.

கூரையா? நூல் அலமாரிக்கு எதற்குக் கூரை?

குனிந்து பார்த்தேன். ஓர் ஓரத்தில் படிக்கட்டு, என் சுண்டுவிரல் அகலத்துக்கு. பச்சை நூல்கண்டுகளைத் தள்ளிப் பார்த்தேன். பின்சுவரில் மஞ்சள் இலைகள்! தினமும் சோறு போட்டுக்கொண்டே நான் பார்க்கும் அதே மஞ்சள் இலைகள்!

"ஏம்மா, ஆடாத. ஊசி குத்திடும்" என்றார் டெய்லரம்மா.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அக்கா! இது பொம்மை வீடுக்கா! இத எங்களுக்குக் குடுப்பீங்களா?"

"குடுத்துட்டு நூல எங்க வைக்கிறது, உன் தலையிலயா?"

"இதோட முகப்பு எங்க வீட்ல இருக்குக்கா!"

குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தார். அது அவருடைய சின்ன வயது வீடாம். அப்பா செய்து கொடுத்ததாம். குடும்பம் வீடு மாறியபோது முகப்பைத் தனியாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்களாம். இறக்கும்போது அது இல்லை. "கொண்டு வா, பாப்போம்" என்றார். "ஆனா வீட்டக் குடுக்கறேன்னு நான் சொல்லல."

வீட்டுக்கு ஓடினேன் என்று சொன்னால் அது பொய். பறந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த மேல்தாடை கீழே விழுந்தது. யாருடையதோ, பாவம். "இலை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு? நரம்பு கறுப்பா, பழுப்பா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தார். ஊரெல்லாம் தேடினார் மனுஷன், வீடு நாலு பஸ் ஸ்டாப் தள்ளி நூல் சுமந்துகொண்டிருந்தது!

மறுநாளே முகப்பைப் படுக்கை விரிப்பில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டையே தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்களா சார்? சாவியாவது எடுத்தீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. இவருக்குக் காதில் விழவில்லை. முகப்பின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

கடையில் நூல்கண்டுகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு முகப்பை வீட்டின் முன்பக்கத்தில் வைத்துப் பார்த்தார் இவர். அளவு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டெய்லரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது இல்ல."

"அளவு சரியா இருக்கேம்மா!" என்றார் இவர்.

"அளவு சரியா இருந்தா ஆச்சா சார்? என் சட்டை அளவுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. எல்லாரும் நானாயிடுவாங்களா? எங்க வீட்டு முகப்பு பச்சை. இது வெள்ளை. கீல் அடிச்ச ஓட்டை எங்க? ஒண்ணையும் காணோம்."

"இலை போட்ட காகிதம் ஒண்ணா இருக்கேக்கா" என்றேன் நான்.

"அது அந்தக் காலத்துல எல்லா கடையிலயும் கிடைச்ச காகிதம்மா. இன்னொண்ணும் இருக்கு. மேல் ஜன்னல் விளிம்புல பல்லுத் தடம் இருக்கணும். எங்கக்கா ஒருநாள் என்னைய விளையாட்டுல சேத்துக்கல. கோவத்துல அந்த ஜன்னலக் கடிச்சேன். ஆடிட்டிருந்த பல்லு ஒண்ணு அதுலயே நின்னு போச்சு. இங்க பாருங்க, விளிம்பு வழவழன்னு இருக்கு."

என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. முகப்பை வாங்கிய காலத்தில் இவருக்கு எந்தச் சட்டமும் கிடையாது. பழையதைப் புதிதாக்குவதுதான் திறமை என்று நினைத்திருந்தார். பச்சைக்கு மேல் வெள்ளை அடித்தவர் இவர். கீல் ஓட்டைகளை அடைத்தவர் இவர். விளிம்பிலிருந்த குழிகளைப் பார்த்ததும், குழியைக் கண்டால் அடைக்கிற கை சும்மா இருக்குமா? பல் செட் செய்யும் பொருளை வைத்தே அடைத்து, தேய்த்து, மெருகேற்றி, கடித்தவளுக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிட்டார். அவர் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. அதுவே இப்போது அவர் கழுத்தை அறுத்தது. தன் கைவேலை என்று சொல்ல வெட்கப்பட்டு முகப்பைத் திரும்ப விரிப்பில் சுற்றத் தொடங்கினார்.

நான் விடுவேனா? "அக்கா!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உங்க பல்லு எங்க வீட்லதான்க்கா இருக்கு! இத்தன வருஷமா டீ கப்பா இருக்கு!"

டெய்லரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். இவளுக்கு அளவு எடுத்ததே தப்பு என்பது போல ஒரு பார்வை.

"நீங்க அத சுரண்டுங்க, நான் இத கொண்டாறேன்" என்று இவரிடம் சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்து கப்பை இடுக்கியால் எடுத்து, பஞ்சில் வைத்து, மாத்திரை டப்பியில் மூடி, அதே டாக்ஸியில் திரும்பினேன். டிரைவர் "ஏதாவது அவசரமாம்மா?" என்றார். "பல்லு" என்றேன். பாவம், இன்னும் வேகமாக ஓட்டினார்.

நான் திரும்பி வந்தபோது டெய்லரம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு இவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இவர் பையில் எப்போதும் இருக்கும் கைக் கத்தியால் விளிம்பைத் துளித்துளியாகச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது. அடியில் பச்சை. பிறகு அடைப்பு உதிர்ந்தது. குட்டிக் குட்டியாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரு கோபக்காரச் சிறுமியின் பல் தடங்கள்.

மாத்திரை டப்பியைத் திறந்து நீட்டினேன்.

டெய்லரம்மா உள்ளங்கையில் அதை வாங்கிக்கொண்டார். கைப்பிடியை நகத்தால் தொட்டுப் பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. "அடப்பாவி தம்பி" என்றார். அதுவரை சார் என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். "என் பல்லுக்குக் காது வெச்சிட்டியே!"

கீல் ஓட்டைகளையும் திறந்து, திருகாணி போட்டு, முகப்பை மாட்டினார் இவர். கையால் மெல்லத் தள்ளினார். 'டக்'கென்று மூடியது. திறந்தார். மறுபடி மூடினார். அந்த 'டக்'கைக் கேட்கத்தானே இத்தனை அலைச்சல்! பிறகு எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "இது உங்க வீடும்மா. முகப்பும் இங்கயே இருக்கட்டும். வீட்டோட வந்தது வீட்டோட இருக்கணும்" என்றார். தன் சட்டத்தை வைத்தே தனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

டெய்லரம்மா திரும்பினார். மெஷினுக்குப் போனார். என் சட்டைக் கையை எடுத்தார். வெள்ளை நூல் வேண்டும். எழுந்து வந்து முகப்பைத் திறந்து நூலை எடுத்தார், மூடினார். அடுத்ததாகக் கறுப்பு வேண்டியிருந்தது. எழுந்தார், திறந்தார், எடுத்தார். இந்தமுறை மூடவில்லை. திறந்த வீட்டின் முன்னால் அப்படியே நின்றார்.

"கதவு இல்லாத வரைக்கும் இது அலமாரி" என்றார். "கதவு வந்துட்டா வீடும்மா. வீட்டுக்குள்ள எவனாவது நூலக் கொட்டி வைப்பானா?"

சொல்லிவிட்டு, சிவப்பு அறையிலிருந்து தொடங்கி நூல்கண்டுகளை அள்ளித் துணிக்கூடையில் போட ஆரம்பித்தார். என் கணவர் நகராமல் நின்றார். "என்ன தம்பி வேடிக்கை? மேல் மாடியக் காலி பண்ணு. எத்தன வருஷமா பூட்டி வெச்ச மாதிரி கிடக்கு, ஒரு கட்டில் இல்ல, ஒரு நாற்காலி இல்ல. நீ தூக்கிட்டுப் போய்ச் சாமான் போடு. ஆனா அந்த ஜன்னல மட்டும் மறுபடி அடைச்சேன்னா, உன்னையும் கடிப்பேன்."

இவர் நூலை அள்ளினார். தலைகால் புரியாமல் பாதி கூடைக்கு வெளியே போட்டார்.

இப்போது பதினைந்தாவது வீடு தொலைக்காட்சி இருந்த இடத்தில் இருக்கிறது. தொலைக்காட்சி எங்கே என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் டெய்லரம்மா வருகிறார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தைத்த திரை, உள்ளங்கை அளவு மெத்தை, அதற்கு அதைவிடச் சின்னத் தலையணை உறை, எல்லாம் கைப்பையில். கப்பு இப்போது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. போன வாரம் ஈறு நிறக் குளியல் தொட்டியைக் கொண்டுபோய் மாடியில் வைக்கப் பார்த்தார் இவர். "என் வீட்டுலயா? எடு அத!" என்று ஒரு சத்தம். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வந்ததும் நேராக முகப்பைத் திறக்கமாட்டார். அந்தக் குட்டிக் கதவை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். சமையலறையிலிருந்து என் கணவர், "யாரு?" என்று குரல் கொடுப்பார்.

"வீட்டுக்காரம்மா வந்திருக்கேன். கதவத் திற" என்பார் டெய்லரம்மா.