குடிக்காத காப்பி

தொண்ணூறுகளில் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியின் இருதய வார்டில் நர்ஸாக இருந்தேன். அந்தியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மாரடைப்பு வந்து சேர்ந்திருந்தார். எப்போது கேட்டாலும், "ஒண்ணுமில்லீங்க அம்மணி, நல்லாருக்கேனுங்க" என்பார். நானும் 'வலி இல்லை' என்று சார்ட்டில் எழுதிவிடுவேன்.

மாட்டைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவார். "அது வாயத் தொறந்து சொல்லுமுங்களா? தீனியத் தொடாம நின்னா நாமதான் புரிஞ்சுக்கோணும்."

மூன்றாம் நாள் காலை அவருடைய காப்பி அப்படியே இருந்தது. "வேண்டாமுங்களா?" என்றேன்.

"நல்லாருக்கேனுங்க."

வழக்கம்போல எழுதிவிட்டு டம்ளரை நானே எடுத்துக்கொண்டு போனேன். எதிரே வந்த அவர் மனைவி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, காப்பிய ஒதுக்கிப்போட்டாருங்களா? அப்ப அவருக்கு என்னமோ பண்ணுதுங்க!"

ஓடினோம். வேர்வையில் தலையணை நனைந்திருந்தது. இரண்டாவது அட்டாக்.

எப்படியோ பிழைத்துக்கொண்டார். நான்கு நாள் கழித்து, பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "உள்ள என்ன பண்ணுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

சொல்லப் பார்த்தார். உதடு அசைந்தது, கண் கலங்கியது. "சொல்லத் தெரியலீங்க அம்மணி."

மறைக்கிறார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். சார்ட்டைத் திறந்தேன். வலிக்கான கட்டத்தில் என்ன எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை. பேனாவை மூடிவிட்டு, அன்றைய காப்பியை அவர் தொடுகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.