பஸ்ஸை நிறுத்திய தம்பி

அணைக்கட்டுப் பக்கம் ஓலைக் கொட்டகையில் பிறந்து, நாலாம் வகுப்போடு நின்று, தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி கழுவியவன் நான். இன்று ஷூ மேல்பாகம் தைக்கும் பட்டறை என்னுடையது. மாடி வீடு நான் கட்டியது. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம், யார் தயவும் இல்லாமல் முடித்தேன். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று செய்தேன். எங்கள் அக்காவுக்காக இரண்டு வருடம் பஸ்ஸை நிறுத்தினேன்.

அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவர். அம்மா களை எடுக்கப் போக, என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். பள்ளிகொண்டா பக்கம் வாழ்க்கைப்பட்டார். மாமா சீக்கிரம் போய்விட்டார். அக்கா ஷூ கம்பெனியில் பசை தடவியே மகளை டீச்சராக்கினார்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை வேலூர் ஆஸ்பத்திரி. ஆட்டோ வைக்கிறேன் என்றால் என்னைத் திட்டுவார். என் மொபெட்டில் அவரால் ஏற முடியாது. பக்கத்து வீடு மாமாவின் தம்பி, வாசலில் கார். அக்கா ஒரே ஒரு முறை கேட்டார். அதற்கு அந்த மனுஷன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பொம்பளைங்களுக்குத்தான் பஸ்ஸு ஃப்ரீயாச்சே, அண்ணி. கார் இன்னாத்துக்கு?”

அந்த டவுன் பஸ்ஸோ, பெண்கள் மட்டும் நின்றால் டிக்கெட் தேறாது என்று பறந்துவிடும். வழி கண்டுபிடித்தவன் நான். அக்காவும் கம்பெனிப் பெண்கள் நால்வரும் பூட்டிய பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். வெள்ளை வேட்டியில் நான் மட்டும் கை காட்டுவேன். பஸ் நிற்கும். அக்கா உட்காரும்வரை படியில் ஒரு கால் வைத்து நிற்பேன்.

“யோவ் பெருசு, ஏறலையா?”

“எனக்கு இன்னா வேல அங்க? நீ போ, ரைட்!”

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேரும் விரிஞ்சிபுரம் கோயிலுக்குக் கிளம்பினோம். கார் ரிப்பேராகி, மாமாவின் தம்பி பட்டுச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போக அதே ஸ்டாப்பில் நின்றார். அக்கா மெதுவாகச் சொன்னார்: “இன்னிக்கி ஒளியாதீங்கடி. அவுர மறைச்சி முன்னாடி நில்லுங்க.” என்னையும் பின்னால் இழுத்துக்கொண்டார். இரண்டு பஸ் நிற்காமல் போனது.

“இன்னா அண்ணி, நிக்காம பூட்டான்?”

“ஃப்ரீ பஸ்ஸு, கொழுந்தனாரே. அப்டித்தான் போவும்.”

கடைசி நாளும் நான்தான் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியே, “மழ வருது, ஊட்டுக்குப் போடா” என்றார். அன்று மாலை ஆஸ்பத்திரியிலேயே அடங்கிவிட்டார்.

பாடை கட்டும் முன்பே பேனர் கட்டிவிட்டார்கள். மாமாவின் தம்பி படம் ஆள் உயரத்துக்கு. கீழே, ‘ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று காத்த அன்புக் கொழுந்தன்’. நான் ‘மற்றும் உறவினர்கள்’ என்பதற்குள் கிடந்தேன். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். பிறகு அக்கா மகள், காரியத்தன்று கொடுக்கும் இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னாள். பேனர் ஒரு மழையில் கிழியும். இது உங்கள் எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கும்.

அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றிய அந்த நான்கு பெண்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும் கைகூப்புகிறேன். மாமாவின் தம்பிக்கு என் நன்றி கிடையாது. அடுத்து வரும் முதலாண்டு நினைவு மலரில் அவர் படம் இருக்கக் கூடாது. அந்த இடத்தில், ‘அக்காவுக்காக பஸ்ஸை நிறுத்தியவர், தம்பி’ என்று தனி வரியில் அச்சாக வேண்டும்.

சின்ன எழுத்தில் போடக் கூடாது.