லோஜினி விட்டுவந்த பெரிய பள்ளிக்கூடம்

"என் மக கடைக்குள்ள நின்னு பேசினாளா? ஆமா, பேசினா. ஒரு மணி நேரம் பேசினா. அதுக்கு என்னாங்கிற இப்ப?"

பேச்சியம்மா நிறையாத குடத்தைத் தண்ணீர்ப் பீலியிலிருந்து வெடுக்கென்று இழுத்தாள். தண்ணீர் கல்லில் விழுந்து சிதறி எல்லார் சேலையும் நனைந்தது.

"நானா சொன்னேன் அக்கா? ஊர்ல பேசிக்கிறாங்க," என்றாள் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் வீரம்மா. "நாவலப்பிட்டியில அம்மாம் பெரிய ஸ்கூலு. எடம் கெடைக்கிறதே பெரும்பாடு. மூணே மாசத்துல பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிதுன்னா, சும்மாவா அனுப்பியிருப்பாங்க?"

"யாரும் அனுப்பல. அவளா வந்தா."

"அவளா வந்தாளா! அப்பிடி வருவாங்களா யாராச்சும்?"

"என் மக வருவா. சட்டம் அப்பிடி இருக்கு, வந்தா."

"சட்டமா?" வீரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பொட்டப்புள்ள ஸ்கூல வுட்டு வர்றதுக்கும் சட்டம் போட்டுட்டாங்களா? பார்லிமெண்டுல ஒங்க மகளப் பத்தியா பேசுனாங்க?"

பீலிக்கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பேச்சியம்மா அரைக் குடத்தோடு லயத்து வீட்டுக்கு நடந்தாள். சொல்லிக் காட்டத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் அந்தச் சட்டம் மகள் வாயில் வரும்போது விளங்கியது. தன் வாயில் எடுத்தால் நழுவியது. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவள் அவள்.

லோஜினியைப் பற்றி அந்தத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெற்றவளுக்குத் தெரிந்த கதை ஒன்றுதான், அதுதான் நடந்த கதையும். பூண்டுலோயா பஸாருக்கு மேலே நாலு மைல் கட்டை ஏறினால் அவர்கள் லயம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு நடுவே பிறந்தவள் லோஜினி. "பொறக்கும்போதே பச்சக் கொழுந்து வாசத்தோட வந்துச்சி," என்று பேச்சியம்மா சொல்லிச் சொல்லி மகிழ்வாள். பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால், மற்றப் பிள்ளைகள் அழும். இவள் ஆயாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டபடியே திரிவாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின்னும் அந்தக் கேள்விகள் ஓயவில்லை. சாயந்திரம் காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துப் போடும்போதுகூட, "அம்மா, இதுக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்பாள்.

அவளுக்கு எட்டு வயதில் வீட்டு மாடு கன்று போட முடியாமல் ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. மிருக வைத்தியருக்கு ஆள் போனது. மழையில் பாதை சரிந்து கிடந்ததால் அவர் நடந்தே ஏறி வர வேண்டியிருந்தது. வந்து சேர்ந்தபோது மாடும் இல்லை, கன்றும் இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது லோஜினியின் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. "மேலயே ஒரு டாக்டர் இருந்தா?" என்று கேட்டாள். பிறகு அவளே பதிலும் சொன்னாள்: "நான் இருப்பேன்." அன்றிலிருந்து அவளுக்கு லயத்தில் மாட்டு டாக்டர் என்று பெயர். கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். அவள் "என்னா?" என்று திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவு வீம்பு.

அவளுக்குப் பதினாலு நடந்த வருஷம், அப்பா முத்துலிங்கம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறிக் காலில் விழுந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வந்தார். கொழும்பில் நல்ல வீடு, வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்றார். முத்துலிங்கம் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருப்பது எதில் போய் முடியும் என்று பேச்சியம்மாவுக்குத் தெரியும். லோஜினி நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஐந்தாம் நாள் சிவகௌரி டீச்சர் கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு லயத்துப் படி ஏறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரசாயனம் படிப்பிக்கிறவர். குதி உயர்ந்த செருப்பு முழுக்கச் சேறு.

"அண்ணை, பிள்ளைக்கு இன்னும் பதினாறு முடியேல்ல. அதுக்கு முதல் பள்ளிக்கூடத்தால மறிக்கேலாது. சட்டம் இருக்கு."

"எங்க காலத்துல அப்பிடி ஒண்ணும் இல்லீங்களே டீச்சர்."

"இப்ப இருக்கு அண்ணை."

கிராம சேவகர் சிங்களவர். தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். கையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். "பே முத்துலிங்கம், பே. ஏலாது."

முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது அவமானம் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். நிம்மதி என்று பேச்சியம்மாவுக்குத் தெரியும். தரகரிடம் மறுப்புச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் சர்க்கார் காரணம். அன்று அடுப்படியில் பேச்சியம்மா தன்னை நினைத்து அழுதாள். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆளில்லை என்று அவளை நிறுத்தியபோது அவளுக்கு எட்டு வயதுதான். அப்போது எந்த டீச்சரும் எந்தச் சட்டமும் அந்தப் படியில் ஏறி வரவில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் லோஜினி நல்ல பெறுபேறு எடுத்தாள். பஸார் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்தார்கள். ரசாயனத்துக்குச் சிவகௌரி டீச்சர், உயிரியலுக்கு ஒரு சேர். பௌதிகத்துக்கு ஆள் இல்லை. வருவார் வருவார் என்றார்கள். வராத வாத்தியாரை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது? நாவலப்பிட்டியில் முத்துலிங்கத்தின் தங்கை இருந்தாள். அங்கே பெரிய பள்ளிக்கூடம், எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர், ஆய்வுகூடத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். சேர்த்தார்கள். போகிற வழியில் எங்கேயோ நுவரெலியா மாவட்டம் முடிந்து கண்டி மாவட்டம் தொடங்குகிறது. பஸ்ஸில் தூங்குகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. முத்துலிங்கத்துக்கு மாவட்டம் என்றால் வாக்குப் போடுகிற இடம். "நம்ம பேரு நுவரெலியா லிஸ்டுல இருக்கு. புள்ள எங்க படிச்சா என்னா?" என்றார். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பதில் நாவலப்பிட்டியில் ஒரு போன் கடையில் இருந்தது. லோஜினி வீட்டுக்குப் பேசப் போனுக்குக் காசு போட அங்கே போயிருந்தாள்.

"எந்த ஊரு தங்கச்சி?" என்று கேட்டான் கடையில் நின்ற திலக்ஷன்.

"பூண்டுலோயாவுக்கு மேலண்ணே. இங்கதான் ஏ.எல். படிக்கிறேன்."

"அப்ப நீயும் கண்டிக்காரி ஆயிட்ட."

"இல்லண்ணே, எங்க வீடு நுவரெலியா மாவட்டம்."

"எங்க வீடுந்தான்."

கண்ணாடி அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். பல்கலைக்கழக அனுமதிக் கைநூல். மூலைகள் மடங்கி, ஒரு பக்கம் மட்டும் அழுக்கேறியிருந்தது. பரீட்சைக்கு முந்திய மூன்று வருஷத்தில் எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூடுதல் காலம் படித்தாயோ, அதுதான் உன் மாவட்டம். வீடு எங்கே இருந்தாலும் கணக்கில்லை. இவனுடைய புள்ளி, நுவரெலியாக்காரருக்கு இடம் கிடைக்கும் வெட்டுப்புள்ளிக்கு மேலே. ஆனால் படித்தது நாவலப்பிட்டியில், கண்டி வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே.

"திரும்ப எழுதலியாண்ணே?"

"எழுதினேன். இன்னும் கொறஞ்சிருச்சி," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தன்னால் முடியவில்லை என்று பிறகு லோஜினி அம்மாவிடம் சொன்னாள். அன்று ஒரு மணி நேரம் அந்தக் கடையில் நின்று அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வீரம்மாவின் தம்பி மனைவி பஸ்ஸுக்கு நின்றபடி பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

வந்த வெள்ளிக்கிழமை பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றாள். பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தில் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதியிருந்தது. பெற்றோருக்கு அது தெரியாது. அத்தைதான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"யாரக் கேட்டு வந்த?" முத்துலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். "இங்க பௌதிகம் யாரு சொல்லித் தருவா? நானா?"

"சனிக்கிழம நாவலப்பிட்டிக்கு டியூஷன் போறேன்ப்பா. ஸ்கூலுக்குத்தான் மாவட்டம் பாக்குறாங்க. டியூஷனுக்கு மாவட்டம் இல்ல."

அவர் மகளை நம்பவில்லை. திங்கட்கிழமை நேரே சிவகௌரி டீச்சரிடம் போனார். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பிள்ளை சொல்லுறது சரி அண்ணை. நான்தான் முதலே யோசிச்சிருக்க வேணும். என்ர பிழை." படித்த ஒருத்தர் தன் பிழை என்று சொல்லி முத்துலிங்கம் அதற்கு முன் கேட்டதே இல்லை. திரும்பி வந்து, "சரி, இங்கேயே படி," என்றார்.

ஆனால் ஊருக்கு இது போதவில்லை. பெரிய பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள் வாராவாரம் அதே நாவலப்பிட்டிக்கு எதற்குப் போகிறாள்? யாரைப் பார்க்க? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒருத்தர் முத்துலிங்கத்தின் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"இந்தச் சனிக்கிழமையோட நிப்பாட்டு. படிச்ச வரைக்கும் போதும்."

பௌதிகம் இல்லாமல் மாட்டு டாக்டருக்குப் படிக்க முடியாது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

"நான் கூட போறேன்," என்றாள் பேச்சியம்மா.

"ஒனக்கு பேரு போயிருமே," என்றார் முத்துலிங்கம். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பெயர் விழாது, கூலியும் இல்லை.

"போகட்டும். பேரக் கெடுக்கிறவங்க வாய மூடுறதுக்கு என் பேரு போனாப் போகட்டும்."

இரண்டு வருஷம். விடியமுன் ரொட்டி சுட்டுச் சுற்றிக்கொண்டு முதல் பஸ். வகுப்பு நடந்த மண்டபத்துக்கு எதிரே பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் குடையை ஊன்றிக்கொண்டு பேச்சியம்மா உட்காருவாள். உள்ளேயிருந்து விசை, வேகம், ஆர்முடுகல் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சேர் வெளியே வந்து, "அம்மா, மழையில ஏன்? உள்ள வந்து ஒக்காருங்க, ஒங்களுக்கு ஃபீஸ் வேணாம்," என்றார். "வேணாங்க சேர், அப்புறம் நானும் பாஸாயிட்டா கொழுந்து யாரு எடுக்கிறது?" என்றாள். உள்ளே ஐம்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். லோஜினிக்குத்தான் வெட்கம்.

திரும்பும்போது ஒரு வடை, ஒரு பிளேன் டீ, இரண்டு பேருக்கும் சேர்த்து. பஸ்ஸில் மகள் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்குவாள். நனைந்த தலையில் வியர்வையும் மழையும் கலந்த வாசம். அந்தத் தோள் பக்கம் பேச்சியம்மாவுக்கு இப்போதும் சனிக்கிழமைகளில் கனக்கும். வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால், கல்யாணத்தைச் சொல்ல மாட்டாள், கோயில் தேரைச் சொல்ல மாட்டாள். அந்தப் பஸ்ஸைத்தான் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை அவளே அந்தப் போன் கடைக்குள் நுழைந்தாள். திலக்ஷன் பயந்துபோய் எழுந்து நின்றான்.

"ஒக்காரு தம்பி. அந்தச் சட்டத்த எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு. ஊர்ல போய்ச் சொல்லணும்."

"கெம்பஸ்ல ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இவ்வளவுன்னு எடம் பிரிச்சி வச்சிருக்காங்கம்மா. வசதி கொறஞ்ச மாவட்டத்துப் புள்ளைங்களும் உள்ள வரணும்னு. எந்த வரிசையில நிக்கிறோம்னு ஸ்கூல வச்சிப் பாப்பாங்க. நான் தெரியாம நீட்டு வரிசையில போய் நின்னுட்டேன்."

அது அவளுக்கு விளங்கியது. பீலிக்கரையில் அதை அப்படியே சொன்னாள். வீரம்மா குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். "இருந்தாலும் அந்தப் பையன் நல்லா பாக்க லட்சணமா இருக்கானாமே," என்றாள் கடைசியில்.

பெறுபேறு வந்தது. பௌதிகத்தில் சாதாரண சித்திதான், பாஸ் ஆனதோடு சரி. மற்ற இரண்டும் நன்றாக இருந்தன. அதன் பிறகு வெட்டுப்புள்ளிக்குக் காத்திருந்த மாதங்களில் லோஜினி பாதியாக இளைத்தாள். வெட்டுப்புள்ளி வந்த அன்று திலக்ஷன்தான் முதலில் பார்த்துப் போன் எடுத்துச் சொன்னான். நுவரெலியா வரிசையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படிக்க இடம். "கண்டியில இருந்திருந்தா?" என்று பேச்சியம்மா போனை வாங்கிக் கேட்டாள். "கெடைச்சிருக்காதும்மா," என்றான்.

போகிற அன்று திங்கட்கிழமை. முத்துலிங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கிவிட்டார். பேச்சியம்மா சேலை மாற்றி, செருப்பும் போட்டு நின்றாள்.

"நீங்க எங்கம்மா?"

"இதென்னாடி கேள்வி? ஒன்கூடத்தான்."

"வேணாம்மா. நீங்க மலைக்குப் போங்க."

"ரெண்டு வருசம் வந்தேன், இன்னிக்கி வந்தா கொறஞ்சிருவியா?"

"அப்பல்லாம் வரும்போதும் ஒண்ணா வந்தோமே," என்றாள் லோஜினி. "இன்னிக்கி நீங்க தனியா திரும்பணும்மா. அந்த பஸ்ஸுல ஒங்களத் தனியா ஏத்திவிட என்னால முடியாது."

பேச்சியம்மா வாசலில் நின்ற மகளின் பின்னலை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகப் பின்னிவிட்டாள். வலிக்கிறது என்று லோஜினி சொல்லவில்லை. பின்னி முடிந்ததும் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டாள். பிறகு வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.