கவிழ்த்துக் காட்டிய சொம்பு

எங்கள் வீட்டில் பாலை யாரும் நுரைக்க ஆற்றுவதில்லை. நேற்று என் மகள் தெரியாமல் ஆற்றிவிட்டாள். நுரை பொங்கிய அந்தப் பித்தளைச் சொம்பைப் பார்த்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

சுத்துக்கேணியில் நான் வாழவந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மருமகள்கள் விடிந்ததும் கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிக்க வேண்டும். குடித்ததும் மாமனாருக்குச் சொம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். காய்ச்சினால் சத்து போய்விடுமாம். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று சொல்ல அங்கே யாருக்கு வாய் இருந்தது?

மூத்த மருமகளான என் ஓரகத்தியை அக்கா என்பேன். மாடு ஒருமுறை மாதம் நிறையாமல் செத்த கன்றைப் போட்டது. வெறுங்கையால் இழுத்துப்போட்டவள் அக்காதான். அதற்குப் பிறகு தினமும் பொழுது சாய்ந்தால் அவளுக்குக் காய்ச்சல், வியர்வை, இடுப்புவலி. "சோறாக்குற நேரத்துக்கு மட்டும் இன்னாடி ஜுரம்?" என்று மாமியார் குத்துவார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, மாட்டுக் கிருமி, பச்சைப்பாலிலும் இருக்கும், காய்ச்சாமல் குடித்தால் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கரு கலையவும் கூடும் என்றார். மாமனாருக்கு வந்ததே கோபம். "எம் மாட்டுப் பாலு விஷமா? எங்கப்பன் குடிச்சான், நான் குடிக்கிறேன், இன்னா ஆயிடுச்சி?" அக்கா தினம் ஊசிக்கு வில்லியனூர் போக வேண்டியிருந்தது. சாணி வார ஆளில்லை என்று அதையும் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். பிறந்த வீட்டுக்கு ஓடினால் மறுநாளே அப்பா கொண்டுவந்து விட்டுவிடுவார். எங்கே போவேன்?

அக்காதான் வழி கண்டாள். முந்தின நாள் அந்திப்பாலைக் கொல்லையில் காய்ச்சி ஒளித்துவைப்பாள். விடியலில் அதைச் சுடவைத்து, தூக்கித் தூக்கி ஆற்றினால் கறந்த பால் மாதிரியே நுரை தள்ளும். மாமனார் எனக்கென்று கறந்து தந்ததை வைக்கோல்போர்ப் பின்னால் கொட்டிவிட்டு, இதை நீட்டுவாள். "குடிடி, ஒண்ணும் ஆவாது." அவர் வந்து நுரையைப் பார்த்துத் தலையாட்டுவார். நான் சொம்பைக் கவிழ்ப்பேன்.

"உனக்கும் ஆத்திக்கயேன்க்கா" என்றால், "கன்னு புடிக்கிறவ நான்தானே, எனக்குக் கறந்த எடத்துலயே மாமா எதிர்ல நின்னு குடிக்கணும்டி, எப்பிடி ஏமாத்துறது?" என்பாள்.

என் மகள் பிறந்தாள், நல்லபடியாக. அக்காவுக்கு ஒன்றும் தங்கவில்லை.

இப்போது மாமனார் இல்லை, மாடும் இல்லை. வாங்குவது பாக்கெட் பால்தான், அதையும் நான் பொங்கக் காய்ச்சுகிறேன். அக்காவுக்கு இடுப்பு நிமிராது; கட்டிலே கதி. நேற்று மகள் அவளிடம் நுரைச் சொம்பை நீட்டியதும், அக்கா வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். மாமனார் முன்பு உட்காரும் மூலையை ஒருதரம் பார்த்தாள். ஒரே மூச்சில் குடித்தாள்.

பிறகு யாருமில்லாத அந்த மூலையைப் பார்த்து, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.